இடைவேளை விருந்தினர்

வட்டு வலப்பக்க மூலைக்குள் போய் மாட்டிக்கொண்டது, நீலச் சட்டைக்காரர் இரண்டு பேர் அதன்மேல் பாய்கிறார்கள், சிவப்புச் சட்டைக்காரன் மட்டையை விட்டுக் கிண்டுகிறான், எடுத்துவிட்டான், இல்லை, விட்டுவிட்டான் என்று யதுகுலனின் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனது. வாய்க்கு அது பழகிப்போன வேலை. ஞாயிறு மத்தியானங்களில் இந்தப் பனித்தளத்தின் கூரையோடு ஒட்டிய கண்ணாடி அறைக்குள் இருந்து, கீழே சறுக்கித் திரிகிறவர்களைப் பார்த்து, ஸ்காபரோவில் சமைத்துக்கொண்டும் உடுப்பு மடித்துக்கொண்டும் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு ஐஸ் ஹாக்கியைச் சொல்லுகிற வேலை. ஆனால் மனம் ஆட்டத்தில் இல்லை. அது அறைக்கு வெளியே நீண்டு கிடக்கிற நடைபாதையில், கொஞ்சம் தள்ளி இருக்கிற பெரிய டிவிக்காரரின் அறை வாசலில் போய் நின்றது. இந்த இரண்டாம் பகுதி முடிந்து இடைவேளை விட்டதும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு கார்ல் ஹென்ஷா வரப்போகிறான். வந்து இந்தக் கதிரையில், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற இந்தக் கதிரையில் இருக்கப்போகிறான். இருந்து பல்லைக் காட்டப்போகிறான். அந்தப் பல்லும் அவனுடையதில்லை, டிவிக்காக வரிசையாய்க் கட்டிய பல்லு. என்ர தாடைக்குள்ளை இருக்கிற தகடு மட்டும் எனக்கே எனக்கு, என்று நினைத்தான் யதுகுலன். வாய், சிவப்புக்காரர் ஆளை மாற்றுகிறார்கள் என்றது. அவனுடைய தாடையை உடைத்தவன் கார்ல் ஹென்ஷா. இது இந்த அறைக்குள் யதுகுலனைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்து இருமல் மிட்டாயைக் கன்னத்துக்குள் உருட்டிக்கொண்டிருக்கிற குலவீரசிங்கம் என்கிற குலம் அண்ணைக்கும் தெரியாது. தெரியாதபடியால்தான் அந்த மனுஷன் ஹென்ஷாவைப் போய்க் கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டதை ஒரு சாதனை மாதிரி வந்து சொன்னார். "தம்பி, நீர் ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? அந்தப் பெரிய ஆள் உம்மட கூட்டாளியாமே! கோப்பி வாங்கிற இடத்திலை நானும் அவரும் ஒரு வரிசையிலை நிண்டனாங்கள். தமிழ் வானொலி எண்டன். உடனை உம்மட பேரைச் சொல்லிக் கேட்டார். நீர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை வந்து பாத்தவராம், அம்மா சாப்பாடு குடுத்தவவாம். ரெண்டாம் இடைவேளைக்கு வாங்கோ எண்டன். வாறன் எண்டிட்டார்!" "என்னைக் கேட்டிருக்கலாம் அண்ணை." "உம்மட சிநேகிதனைக் கூப்பிட உம்மட்டை என்னத்துக்கு ஐசே கேக்கிறது?" என்று சிரித்தார். அதோடு விடவில்லை. ஆட்டம் தொடங்க முன்னமே, நேயர்களே, நம் யதுகுலன் அடிபட்டுக் கிடந்த நாளில் ஓடோடி வந்து பார்த்த உயிர் நண்பர் இன்று நம் கலையகத்துக்கு வருகிறார் என்று அறிவித்தும் விட்டார். அந்தக் குரல் பொல்லாத குரல். இத்தனை வருஷமாக வானொலியில் மரண அறிவித்தல் வாசித்துப் பழுத்த குரல். அவர் ஒரு கோல் விழுந்ததைச் சொன்னாலும் யாரோ காலமானது மாதிரித்தான் இருக்கும். கேட்கிற சனம் வேலையை விட்டுவிட்டு நிமிரும். அம்மாவும் நிமிர்ந்திருக்கிறா. முதலாம் இடைவேளையில் போன் வந்துவிட்டது. "மோனை, அந்தப் பிள்ளை வருதாமே! நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ரேடியோவுக்குப் பக்கத்திலை இருக்கிறன். நான் சுகம் கேட்டதெண்டு சொல்லு. கலியாணம் முடிச்சிட்டாரோ எண்டும் ஒருக்காக் கேள்."

கலியாணம் முடிச்சிட்டாரோ. நீலச் சட்டைக்காரர் நடுக்கோட்டைத் தாண்டுகிறார்கள், தாண்டிவிட்டார்கள், அடிக்கிறார்கள், வலைகாப்பாளர் காலால் தடுத்துவிட்டார். கலியாணம் முடிச்சால் என்ன, முடிக்காமல் தெருவில் கிடந்தால் என்ன. அம்மாவின் மனம் அப்படி. யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டதா, கலியாணம் முடித்ததா, இரண்டே கேள்விதான். ஹாக்கி என்றால் என்னவென்று அவவுக்கு இன்றைக்கும் தெரியாது. அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த திடலில் மாரி காலத்தில் மாநகராட்சிக்காரர் தண்ணீர் விட்டு உறைய வைப்பார்கள். அதில் யாரோ கொடுத்த பழைய சறுக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடின சின்ன வயது யதுகுலனைப் பார்த்து, காலிலை கத்தியைக் கட்டிக்கொண்டு ஓடுறானே என்று கத்தினவ. பிறகு அந்தக் கத்திச் சப்பாத்துக்குத் தானே நூல் கட்டிவிடப் பழகினா. விடியற்காலைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மற்றத் தாய்மார் கோப்பி குடித்துக் கதைத்துக்கொண்டிருக்க, இவ மட்டும் குளிர்கிற இரும்பு வாங்கில் ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டு இருப்பா. என்ன அம்மா சொல்லிறனீங்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, உனக்கு மட்டும் சொன்னால் சாமி கோவிக்கும், அதாலை எல்லாப் பிள்ளையளுக்கும் சேர்த்துத்தான் என்றா. எல்லாப் பிள்ளையளுக்கும். அந்த எல்லாப் பிள்ளைகளில் எத்தனை பேர் உடுப்பு மாற்றுகிற அறையில் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்திக்காட்டினார்கள் என்று அவ கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. சொல்லாமல் விடுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது போல. சிவப்புக்காரன் ஒருவனுக்குத் தண்டனை, இரண்டு நிமிஷம் வெளியே. "தண்டனை பெற்ற அந்த வீரர் தலைகுனிந்து செல்கிறார்" என்று குலம் அண்ணை இரங்கல் தெரிவித்தார். தலையும் குனியவில்லை ஒன்றும் குனியவில்லை, அந்தப் பொடியன் சிரித்துக்கொண்டுதான் போனான், அண்ணைக்குத் தூரப்பார்வை சரியில்லை. யதுகுலனும் அப்படித்தான் போய் வந்தவன், சின்னச் சின்ன ஊர்களின் அணிகளில், பஸ்ஸில் தூங்கி பஸ்ஸில் விழித்து, ஜன்னலுக்கு வெளியே பனியும் ஒற்றை எண்ணெய் நிலையமும் தவிர வேறொன்றும் தெரியாத பாதைகளில். வலைக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கிறதுதான் அவனுக்குத் தந்த வேலை. அழகான வேலையில்லை. கோல் அடிக்கிறவனுக்குக் கைதட்டு, மறிக்கிறவனுக்கு முழங்கை. எட்டு மாரி காலம் அப்படிப் போனது, மேலே பெரிய லீக்குக்குக் கூப்பிடப் போகிறார்கள், பெட்டியைக் கட்டி வைத்திரு என்று பயிற்சியாளர் காதுக்குள் சொன்ன கிழமையில்தான் ஹென்ஷாவின் அணி வந்தது. அன்று முழுக்க அவன் பக்கத்தில் பக்கத்தில் சறுக்கி வந்து, ஏய் டாக்ஸி, ஆட்டம் முடிய என்னை ஹோட்டலில் விடுறியா, ஏய் டாக்ஸி, மீட்டரைப் போட்டுவிட்டியா, என்று ஓய்வில்லாமல். அப்பா உண்மையாகவே டாக்ஸி ஓட்டினவர். ஓட்டி ஓட்டித்தான் அந்தச் சப்பாத்தும் மட்டையும் வாங்கித் தந்தவர். அது ஹென்ஷாவுக்குத் தெரியாது. கறுத்த முகத்தைக் கண்டால் அவன் வாயில் அந்தச் சொல்லுத்தான் வரும். அன்றைக்கு வட்டு சுவர்ப்பக்கம் போனது. யதுகுலன் அதை எடுக்கத் திரும்பினான். முதுகு தெரிந்தால் அடிக்கக்கூடாது, அது இந்த ஆட்டத்தில் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம், சின்னப் பிள்ளைகளின் சட்டையில் முதுகுப் பக்கம் சிவப்பாய் நில் என்றே ஒட்டிவிடுவார்கள். முதுகு தெரிந்தது. பேரும் இலக்கமும் பெரிதாய்த் தெரிந்தது. வாசித்துவிட்டுத்தான் அடித்திருக்கிறான்.

அதற்குப் பிறகு கட்டுப் போட்ட இருட்டு. இடது கண்ணுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, கண் அசையக்கூடாதென்று இரண்டு கண்ணையும் மூடிக் கட்டியிருந்தார்கள். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி. ஸ்ட்ரோவால் உறிஞ்சுகிற கஞ்சித் தண்ணி. அந்த இருட்டுக்குள் அவனுக்கு மிஞ்சியது காது மட்டும்; காதுக்குக் கம்பி போட அவர்களுக்குத் தோன்றவில்லை. யாரோ வருகிற சப்பாத்துச் சத்தம். கதவடியில் தயங்கி நிற்கிற சத்தம். பிறகு அந்தக் குரல், முன்பல்லு இல்லாத இடைவெளியால் காற்றுப் போகிற குரல், ஏய் டாக்ஸி என்ற அதே குரல், இப்போது பூனை மாதிரிப் பதுங்கி, நான் கார்ல், என்றது. கார்ல் என்றால் அம்மாவுக்கு யார்? பிள்ளையோடு விளையாடுகிற பிள்ளை. அத்தனை நாளில் அணியில் இருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, அணி அடுத்த ஊருக்குப் போய்விட்டது, பஸ் நிற்காது. இவன் ஒருத்தன் வந்திருக்கிறான் என்ற சந்தோஷத்தில் அம்மாவின் குரல் உடைந்தது. வாங்கோ தம்பி, இருங்கோ தம்பி என்று தமிழில், பிறகு கம், சிட், ஈட் என்று தெரிந்த மூன்று சொல்லில். திருநீற்றுப் பொட்டலம் பிரிக்கிற சரசரப்பு. அவனுடைய நெற்றியில் பூசுகிறா. எனக்குப் பூசின கையால் அவனுக்கும் பூசுகிறா. யதுகுலன் கட்டிலில் கிடந்து தொண்டைக்குள் கத்தினான். கம்பிக்கு வெளியே வந்தது ஒரு முனகல். "நோகுதோ மோனை? கொஞ்சம் பொறு, உன்ர சிநேகிதப் பிள்ளை வந்திருக்குது" என்று அவனுடைய காலைத் தடவினா. மூடி திறக்கிற சத்தம், புட்டின் வாசம், கத்தரிக்காய்க் குழம்பின் வாசம், ஐயோ அந்த வாசம், பல்லைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவனுடைய மூக்கு மட்டும் திறந்து கிடந்த பாவம். கரண்டி தட்டில் சுரண்டுகிறது. அவன் சாப்பிடுகிறான். என்னுடைய சாப்பாட்டை என்னுடைய கட்டிலடியில் இருந்து சாப்பிடுகிறான். இன்னும் கொஞ்சம் தம்பி, என்கிறா அம்மா. அவன் தாங்க் யூ மாம் என்கிறான். அவனுக்கு வாய் இருந்தது. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான்தான் அடித்தேன் என்று இரண்டு சொல்லு. சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

நேரத்தைப் பார்த்தான். பகுதி முடியப்போகிறது. வட்டே, எங்கேயாவது சனத்துக்குள் பறந்து போ, பனி வெடித்துப் போகட்டும், கூரை ஒழுகட்டும், ஏதாவது நடந்து இந்த இடைவேளை வராமல் போகட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொழில்நுட்பம் பார்க்கிற மதுரா இரண்டு விரலைக் காட்டினாள், விருந்தினர் கதிரை, மைக், எல்லாம் சரியா என்று கையால் கேட்டாள். அவளைப் பார்த்தும் எரிச்சல் வந்தது. அவள் என்ன செய்தாள் பாவம். நீலக்காரர் ஒரு கோல் போட்டார்கள், அவன் கோல் என்றான், சனம் எழும்பிக் கத்தியது, அந்தச் சனத்தைப் பார்த்தும் எரிச்சல் வந்தது, சோளப்பொரி வாயோடு இரத்தம் பார்க்க வந்த சனம். கம்பி கழற்றின அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கம்பி கழற்றினதும் முதலில் கேட்டது தண்ணி. அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சாமியறையில் அம்மாவின் குரல் கேட்டது, ஒவ்வொருவராய்ப் பேர் சொல்லிக் கும்பிடுகிறா, அப்பாவின் பேர், அவனுடைய பேர், அக்காவின் பேர், பிறகு என்ர பிள்ளையை வந்து பாத்த அந்தப் பிள்ளை, அதுக்கொரு குறையும் வரக்கூடாது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சாமிக்கு முன்னால் நின்று சொன்ன பேரை எப்படித் திருப்பி எடுப்பது? அவவின் மனம் நோகும் என்று விட்டான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதைக் கிட்டப்போய்ப் பார்க்க விருப்பமில்லை: காலையில் கோப்பியோடு நின்று, சாமியறைக் கதவுக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்கிறபோது நெஞ்சுக்குள் ஒரு கசப்பான ருசி வரும், கசந்தாலும் விட முடியாத ருசி. கும்பிடுங்கோ அம்மா, நல்லாக் கும்பிடுங்கோ, ஆருக்கெண்டு எனக்குத்தான் தெரியும். பதினொரு வருஷம். அந்தக் கும்பிடும் பலித்துவிட்டதே, அதுதான் சகிக்க முடியாதது. ஹென்ஷா பெரிய லீக்குக்குப் போனான், பேர் எடுத்தான், ஓய்ந்ததும் டிவிக்காரர் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டுப் போட்டு இருத்தினார்கள், நாடெல்லாம் அவன் சொல்லுகிற பகிடிக்குச் சிரிக்கிறது. யதுகுலனுக்கோ வட்டு கிட்ட வந்தால் இரண்டாய்த் தெரிகிற கண். சாமான் ஏற்றுகிற கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குலம் அண்ணையின் பக்கத்தில் இந்தக் கதிரை. ஹாக்கியைத் தமிழில் சொல்ல ஒருவரும் இல்லை, நீர் விளையாடினனீர்தானே, வாரும் என்று அண்ணைதான் கூட்டி வந்தார். முதல் நாள் போனில் அம்மா, ஒண்டும் விளங்கேல்லை மோனை, ஆனா உன்ர குரல் நல்லா இருக்குது என்றா. அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. அவன் வட்டு என்று சொல்வதும் வலை என்று சொல்வதும், உண்மையைச் சொன்னால், அம்மாவின் அடுப்படிக்கு, அந்த ஒரு குசினிக்குத்தான்.

சங்கு ஊதியது. பகுதி முடிந்தது. இடைவேளைக்கு என்று ஆயத்தம் செய்த வசனம் ஒன்று அவனிடம் இருந்தது, பதினொரு வருஷமாய்த் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினது: அம்மா, இவன்தான் என்ர வாயை உடைச்சவன், நீங்கள் சோறு குடுத்தது இவனுக்குத்தான். மைக்கில் சொல்லலாம். ஊரே கேட்கச் சொல்லலாம். பக்கத்தில் இருந்தபடியே, அவன் பல்லைக் காட்டிக்கொண்டு ஒன்றும் விளங்காமல் இருக்கையில் சொல்லலாம். தமிழுக்கு அந்த வசதி உண்டு. சொன்னால் ஹென்ஷாவுக்கு ஒரு மயிரும் நோகாது, அம்மாதான் குசினியில் உட்கார்ந்து போவா. சொல்லாவிட்டால் நாளைக்குக் காலையும் அந்தப் பேர் சாமிக்கு முன்னால் போகும், நாளைக்கு மறுநாளும் போகும். கதவு திறந்தது, வாசனைத் தண்ணி முதலில் வந்தது, பிறகு ஆள். "யாட்ஸ்!" என்றான் ஹென்ஷா, அணியில் கூப்பிடுகிற பேரைக்கூட நினைவு வைத்திருக்கிறான், முதுகில் தட்டினான், அதே முதுகில். குலம் அண்ணை எழும்பி நின்று கை கொடுத்தார். முறை இப்படி: விருந்தினர் ஆங்கிலத்தில் சொல்வார், மதுரா அவருடைய சத்தத்தைக் குறைப்பாள், யதுகுலன் அதன்மேல் தமிழில் சொல்வான். ஸ்காபரோவில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் விளங்கும். அம்மா மாதிரி ஆட்களுக்காகத்தான் தமிழ்.

"யதுகுலனின் அம்மா இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று குலம் அண்ணை தன்னுடைய இலங்கை வானொலி ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார். ஹென்ஷாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. "அம்மாவா! அட, இந்தக் கதையை நான் எந்த விருந்துக்குப் போனாலும் சொல்லுவேன். இவருடைய தாடையை உடைத்தது நான். சரி, மன்னிப்புக் கேட்போம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த அம்மா என்னை இவருடைய உயிர்த்தோழன் என்று நினைத்துவிட்டார். நெற்றியில் சாம்பலைப் பூசினார். கதிரையில் இருத்தினார். ஒரு மலையளவு சாப்பாடு, வாய்க்குள் நெருப்பு! இவர் அங்கே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்து, ம்ம் ம்ம் என்கிறார், சொல்ல முடியவில்லை. நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்!" சொல்லிவிட்டு மேசையில் அடித்துச் சிரித்தான். அறைக்குள் அவனுடைய சிரிப்பு மட்டும் நின்றது. குலம் அண்ணையின் கன்னத்துக்குள் உருண்டுகொண்டிருந்த மிட்டாய் அப்படியே நின்றுவிட்டது. மதுரா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். யதுகுலனுக்கு முன்னால் மைக் இருந்தது, கூரான வசனம் நாக்கில் இருந்தது, தாடைக்குள் தகடு குளிர்ந்தது. ம்ம் ம்ம். எல்லா விருந்திலும் இவன் நான் முனகியதை முனகிக் காட்டியிருக்கிறான். எத்தனை மண்டபம், எத்தனை மேசை, எத்தனை பேர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்திருப்பார்கள், அம்மாவின் கையைப் பார்த்து, அந்த மூன்று ஆங்கிலச் சொல்லைப் பார்த்து. இப்போது சொன்னால் அம்மாவும் அந்த மண்டபத்துக்குள் போய் நிற்கவேண்டி வரும், சட்டியும் கையுமாக. "அன்றைக்கு அவருக்கு நல்ல பசியாம்" என்றான் யதுகுலன் தமிழில். "அம்மா தந்த சாப்பாட்டை இன்றைக்கும் மறக்கவில்லையாம். போகிற இடமெல்லாம் சொல்லுகிறவராம். அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொல்கிறார்." "அவ்வளவுதானா?" என்றான் ஹென்ஷா. "நான் நிறையச் சொன்னேனே." "தமிழ் சிக்கனமான பாஷை" என்றான் யதுகுலன் ஆங்கிலத்தில். "சிரித்தார்களா?" "சிரிக்கிறார்கள். அம்மா சுகம் கேட்டார். கலியாணம் முடித்துவிட்டாயா என்று கேட்கச் சொன்னார்." "இரண்டு தரம்! இரண்டு பேரும் துரத்திவிட்டார்கள் என்று சொல்லு!" திரும்பவும் அதே சிரிப்பு, மேசையில் அதே அடி. "முடித்துவிட்டாராம், அம்மா" என்றான் யதுகுலன்.

ஹென்ஷா முதுகில் இன்னொரு தட்டுத் தட்டிவிட்டுப் போனதும் மதுரா விளம்பரங்களைப் போட்டாள், நகைக்கடை, புடவைக் கடை, வீடு விற்பவர். குலம் அண்ணை காதில் மாட்டியதைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய முகத்தை இப்போது பார்த்தால் அவரே வாசிக்கிற அறிவித்தல் ஒன்றுக்குப் படம் எடுத்த மாதிரி இருந்தது. "தம்பி, கோவிலறிய எனக்குத் தெரியாது ஐசே." "ஏன் அண்ணை, நிகழ்ச்சி நல்லாத்தானே போனது" என்றான், அவரை நோகப் பண்ணவேண்டும் போல இருந்தது, பண்ணினான், அதிலும் ஒரு சுகமும் வரவில்லை. சமாளித்துவிட்டேன், என்று நினைத்தான். முடிந்துவிட்டது. அவன் தன்னுடைய பகிடியோடு போய்விட்டான், அம்மா தன்னுடைய நன்றியோடு இருப்பா, நடுவில் நான் நின்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டேன். மறிக்கிற வேலைதானே எனக்குத் தந்தது. போன் அதிர்ந்தது. "மோனை" என்றா அம்மா. பின்னால் வானொலியில் நகைக்கடைக்காரன் பாடுகிறது போனுக்குள் கேட்டது. "அந்தப் பிள்ளை ஏன் அப்பிடிச் சிரிச்சவர்?" "பகிடியாக் கதைக்கிற ஆள் அம்மா." "பகிடிச் சிரிப்பு எனக்குத் தெரியாதே? நீ சிரிக்கேல்லை. குலம் அண்ணையும் சிரிக்கேல்லை. பசிக்குச் சாப்பிட்டதைச் சொல்லி ஒரு ஆள் தனிய இருந்து அவ்வளவு சிரிக்குமோ?" யதுகுலன் கீழே பார்த்தான். பனியை மெழுகுகிற வண்டி பெரிய வட்டமாய் வந்துகொண்டிருந்தது, கீறல்களை எல்லாம் தண்ணீர் விட்டு அழித்துக்கொண்டு. சொற்களை மாற்றலாம், சிரிப்பை என்ன செய்ய முடியும், அது அப்படியே போய்ச் சேர்ந்திருக்கிறது, குசினி வரைக்கும். "சொல்லு மோனை. எனக்கு நெஞ்சு இடிக்குது." கூராக்கி வைத்த வசனம் இப்போது வரவில்லை. "அவன்தான் அம்மா அடிச்சவன்" என்றான், வேறு யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிற மாதிரி. "அதை வந்து சொல்ல அவனுக்கு வாய் வரேல்லை. நீங்கள் சாப்பாடு குடுத்ததை இப்பப் பகிடியாச் சொல்லித் திரியிறான்."

புடவைக் கடைக்காரி வானொலியில் தள்ளுபடியைச் சொல்லி முடித்தாள். பிறகு, "அண்டைக்கு அழுதவர்" என்றா அம்மா. "ஆர்?" "அந்தப் பிள்ளைதான். சாப்பிடச் சாப்பிடக் கண்ணாலை ஓடினது. உனக்குத் தெரியாது, உன்ர கண்ணைக் கட்டியிருந்தது. நான் உறைப்பெண்டு நினைச்சுத் தண்ணி வாத்துக் குடுத்தனான். தண்ணியைக் குடிச்சுப்போட்டும் அழுதவர். சிநேகிதனுக்காக இப்பிடி உருகுற பிள்ளையோ எண்டுதான் நான் இத்தினை வருசமும்..." யதுகுலனுக்கு அந்தக் கண்ணீர் வேண்டாம். அதைக் கையில் வாங்கவே விருப்பமில்லை, எங்கே வைப்பது அதை, வெறுப்பதற்கென்று ஒழுங்காய் அடுக்கி வைத்த இடத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் வாங்கியாகிவிட்டது. மண்டபங்களில் முனகிக் காட்டுகிறவன் இதை மட்டும் ஒருவருக்கும் காட்டுவதில்லை. "அடிச்சவனெண்டு தெரிஞ்சாலும் குடுத்திருப்பன் மோனை. வாசலிலை வந்து நிண்ட பிள்ளைக்கு இல்லையெண்டுவனே? அவனை விடு. அழுததை ஒளிச்சுப்போட்டுச் சிரிப்பை வித்துத் திண்டு திரியிறான், அது அவன்ர பாடு." அம்மாவின் வாயில் அவர் என்பது அவன் ஆனதை யதுகுலன் கேட்டான். இதற்காகத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தான். வந்ததும் அது அவனுக்கு இனிக்கவில்லை. "விடுங்கோ அம்மா. அழுதவன்தானே" என்று அவனே சொல்லவேண்டி வந்தது. "அவனை விட்டிட்டன் எண்டுறன். நான் உன்னைக் கேக்கிறன். கம்பி கழட்டினதுக்குப் பிறகு உனக்கு வாய் இருந்ததுதானே?" "உங்கட மனம் நோகுமெண்டு..." "நான் சாமியறைக்குள்ளை அவன்ர பேரைச் சொல்லேக்கை நீ கோப்பியோடை வெளியிலை நிக்கிறது எனக்குத் தெரியும். நீயும் கும்பிடத்தான் நிக்கிறாயெண்டு நினைச்சன்." அந்தக் கசப்பான ருசியைப் பற்றி எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை சொல்ல முடியும். "அவன் ஒருநேரம் இருந்து நான் ஏமாறுறதைப் பாத்தவன் மோனை" என்றா அம்மா, கோபமில்லாமல், களைத்துப்போன குரலில். "நீ ஒவ்வொரு நாளும் பாத்தனீ."

மதுரா ஒரு விரலைக் காட்டினாள், இன்னும் ஒரு நிமிஷம். கீழே ஆட்டக்காரர்கள் மெழுகின பனிக்கு வந்து சுற்றத் தொடங்கிவிட்டார்கள், முதல் கீறல்கள் விழுந்தன. "வையுங்கோ அம்மா, நான் முடிய வீட்டை வந்து கதைக்கிறன்" என்றான். "வா. சாப்பாடு மேசையிலை இருக்கும்" என்றா. ஆனால் போனை வைக்கவில்லை. கதிரை நகருகிற சத்தம் கேட்டது, செருப்பு இரண்டு அடி நடந்தது, பின்னால் ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய வானொலி, வீடு விற்பவரின் பேரின் பாதியில், டக்கென்று நின்றது. அந்த நிசப்தத்துக்குப் பிறகுதான் போன் வைக்கப்பட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. குலம் அண்ணை அவனைப் பார்த்தார், நான் சொல்லட்டோ என்று கண்ணால் கேட்டார். யதுகுலன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மைக்கைக் கிட்ட இழுத்தான். மூன்றாம் பகுதி தொடங்குகிறது, நேயர்களே, என்றான். யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல், நடுவர் வட்டை எந்த இடத்தில் போடுகிறார், எந்தப் பக்கத்தில் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினான்.